நாலு மணிக்காரி

ஜன்னல் வெயில் மேலாளரின் மேசையில் இருக்கும் படிவத்தின் மேல் விழுகிறது. ‘வெற்றிக்கான என் காலைப் பழக்கங்கள்’ என்று தலைப்பு. அதில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் எதிரே நிற்கும் புதுப் பெண்ணுக்கு வேலை நிரந்தரம். “அஞ்சு மணிக்கு எழுந்து தியானம், நடைப்பயிற்சின்னு நாலு நல்ல விஷயம் எழுதும்மா. என்ன இது?” அவர் விரல் அவள் எழுதியதைத் தட்டுகிறது: நாலு மணிக்குத் தண்ணீர் பிடிப்பது, எழுந்திருக்க முடியாத அப்பாவைக் குளிப்பாட்டுவது, ஆறரை பஸ்ஸில் நின்றபடியே படிப்பது. “அஞ்சு மணின்னா எனக்கு லேட்டு சார்.” பக்கத்து மேசைகளில் விசைப்பலகைச் சத்தம் நின்றுபோகிறது. “வாய் நீளுதே! அழிச்சிட்டு வேற எழுது.” வைட்னர் குப்பியை அவள் பக்கம் நகர்த்துகிறார். தன் வீட்டின் முதல் பட்டதாரியான அவள் பேனாவைத் திறக்கிறாள். குப்பியைத் தொடாமல், அதே எழுத்துகளின் மேல், காகிதம் பள்ளமாகும்படி மறுபடியும் அழுத்தி எழுதுகிறாள்.