மூன்றாவது படம்

போன வருடம் கடலட்டை பிடிக்கக் கடலடியில் சுழியோடிய பெனடிக்றுக்கு அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லை. அன்று கூடப்போன அவர் மனைவியின் தம்பி மில்ரன் மேலே வரவேயில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்காக வங்காலைக்கு வந்த டினோஜா, மூளையின் சமிக்ஞையைப் பிடிக்கும் பட்டியை அவர் தலையில் கட்டி, கண்ணாடியும் போட்டுவிட்டாள். கண்ணாடிக்குள் விசிறி, லைற் என்று இரண்டு படங்கள் மிதக்கும். ஒன்றைப் பார்த்து நினைத்தால் வீட்டில் அது இயங்கும்.

பெனடிக்ற் நினைத்தார். விசிறி சுழன்றது. மனைவி நிறஞ்சலா அழுதேவிட்டாள்.

"பிள்ளை, இந்தக் கதவுப் படம் என்னத்துக்கு?" என்று கேட்டார் பெனடிக்ற்.

டினோஜா தன் திரையைப் பார்த்தாள். "நான் ரெண்டுதான் போட்டனான், அங்கிள்."

"இல்லை, மூண்டு இருக்கு. கதவுக்கு வெளியில மில்ரன் நனைஞ்சுபோய் நிக்கிறான்."

டினோஜா பட்டியைக் கழற்றப் போனாள். நிறஞ்சலா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, திறக்கச் சொல்லி நினையுங்கோ," என்றாள் கணவரிடம்.

முன்கதவின் கொண்டி கழன்று கதவு திறந்தது. வெளியே வெயில் மட்டுமே இருந்தது. நிறஞ்சலா அலுமாரியிலிருந்து தலை துவட்டத் துவாயை எடுத்து வாசலை நோக்கி நீட்டினாள்.

யாரோ அதை மெல்ல வாங்கிக்கொண்டார்கள்.