மோட்டார் இல்லாத விமானம்

வைத்திக்குப்பம் கடற்கரையில் வெயில் ஏறுகிறது. முதலியார்பேட்டையில் தையல்கடை வைத்திருக்கும் வெரோனிகா, கிட் பெட்டியில் வந்த எண் போட்ட மரத்துண்டுகளை மூன்று மாதமாக ஒட்டி, மெல்லிய தாள் போர்த்திச் செய்த கிளைடர் என்ற சிறு விமானத்தை ஏந்தி நிற்கிறாள். வெளிச்சத்தில் இறக்கைக்குள் இருக்கும் ஒவ்வொரு குச்சியும் தெரிகிறது. "மோட்டாரு எங்கம்மா?" என்று மீன்கூடையை இறக்கிவைத்துக் கேட்கிறாள் வீராயி. "இல்லக்கா. காத்துதான்." "கடல்ல உழுந்துட்டா?" வெரோனிகா காற்றை எதிர்த்து நாலடி ஓடி அதைக் கையிலிருந்து விடுகிறாள். கிளைடர் மூக்கைத் தாழ்த்துகிறது. பிறகு அது தானாக நிமிர்ந்து, படகுகளுக்கு மேலே சத்தமில்லாமல் வட்டமடித்துத் திரும்பி, மணலில் வழுக்கி நிற்கிறது. வீராயி குனிந்து இறக்கையை ஒற்றை விரலால் தொட்டுப் பார்க்கிறாள். "உன் கையாலயா செஞ்ச?" வெரோனிகா சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறாள். "இன்னொருவாட்டி விடு, பாக்கறேன்" என்று மீனை மறந்து மணலில் உட்கார்கிறாள் வீராயி.