கோணல் படம்

"சத்தம்தான் வரல, பிரட். அத மட்டும் பாத்தாப் போதும்" என்றார் கிளைவ்.

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊரில் பழைய டப்பா டிவிகளைத் தேடிப்பிடித்துச் சரிசெய்வதில் பிரட்டை மிஞ்ச ஆளில்லை. அவன் வீட்டில் முப்பத்தொரு டிவி இருந்தது. எல்லாவற்றிலும் படம் கோடு போட்டாற்போல் நேராக நிற்கும்.

கிளைவின் டிவியைப் போட்டதும் அவனுக்கு உடம்பே கூசியது.

"என்ன கிளைவ், ஃபுட்டி ஆட்டத்துல மைதானமே இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு! பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்கலையா?"

"அது அப்படியே இருக்கட்டும்ப்பா" என்று டீ போடப் போனார் கிளைவ்.

கழன்ற கம்பியைப் பற்றவைத்ததும் சத்தம் வந்துவிட்டது. ஆனால் பிரட்டுக்குக் கை சும்மா இருக்கவில்லை. டிவிக்கு எதிரே கண்ணாடியை நிறுத்தி, அதில் படத்தைப் பார்த்தபடியே பின்னாலிருந்து படக்குழாயின் சுருளை மெல்லத் திருப்பினான். மைதானம் நிமிர்ந்தது.

டீயோடு வந்த கிளைவ் அப்படியே நின்றுவிட்டார்.

"எத்தன வருஷமா அப்படிப் பாத்தீங்க? வெக்கமா இல்ல?" என்று சிரித்தான் பிரட். "வீட்ல யாருக்கும் கண்ணே இல்லையா?"

கிளைவ் டீயை வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் அவர் மனைவி நோலா. பக்கவாதத்தில் சாய்ந்த தலை இடது தோளிலேயே படிந்திருந்தது.

"கிளைவ், நேத்து வரைக்கும் நேராத்தானே இருந்துச்சு?" என்றார் நோலா. "இப்ப ஏன் படம் கோணலாத் தெரியுது?"

பிரட் மறுபடி டிவிக்குப் பின்னால் போனான். படத்தைச் சாய்க்க வேண்டுமென்றால் கண்ணாடியைப் பார்த்தாக வேண்டும். அதில் அவன் முகமும் தெரிந்தது.