அடுத்த இதழுக்குப் போனவள்

புத்தகப்பூச்சி தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, பறக்கும் வீரன் படக்கதை இதழ் ஒன்றின் ஓரத்தில். அவள் வாசித்து முடித்த இதழைத்தான் இருவரும் தின்பார்கள். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

"வீரன் செத்துட்டான். அடுத்த இதழைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"வழியில பல்லி நிக்குதுடி."

"நீங்க ஒண்ணு! அவன் எத்தனை தடவை செத்தான்? ஒவ்வொரு தடவையும் எழுந்து வரலையா?"

இரண்டு இதழ்களுக்கு நடுவே பல்லி அவளை விழுங்கியது.

புத்தகப்பூச்சி தயங்கித் தயங்கிக் கேட்டது: "அண்ணே, அவ எந்த இதழ்ல திரும்பி வருவா?"

"நான் படக்கதை வாசிக்கிறதில்லையேப்பா," என்றது பல்லி.

அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே வீரன் எழுந்து பறந்தான். அவள் வாசிக்காத அந்த இதழில் இன்றுவரை ஓர் ஓட்டைகூட இல்லை.