சிவப்பு அட்டை

"சிவப்பு எரிஞ்சா நிக்கணும். பச்சை எரிஞ்சா போகலாம். ஊதா எரிஞ்சா, வண்டிக்குள்ள திரையில வர்ற வேகத்தைப் பார்த்து ஓட்டணும். அத்தனையும் எனக்கு மனப்பாடம்மா! அப்புறம் எப்படி என்னைத் திருப்பி அனுப்பலாம்?"

பூவிழி வந்ததும் வராததுமாகப் பையை வீசினாள். பட்டணத்தில் சுரங்கப்பாதை மெட்ரோ ரயில் ஓட்டும் வேலை. எழுத்துத் தேர்வில் தேறியவளைக் கண் பரிசோதனையில் கழித்துவிட்டார்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லையாம்.

அம்மா காத்தாயிக்கு இப்போதுதான் உறைத்தது. கொல்லையில் மிளகாய்ப்பழம் பறிக்க அனுப்பினால், மகள் காயையும் சேர்த்துப் பறித்து வருவாள். கவனம் எங்கடி இருக்கு என்று எத்தனை முறை திட்டியிருக்கிறாள்! கண்ணில் கோளாறு இருக்கும் என்று தோன்றவே இல்லையே.

"இன்னும் ஒரு வழி இருக்கும்மா. குடவாசல் கண் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். பொண்ணுக்கு இந்தக் குறை வரணும்னா அப்பாவுக்கும் இருந்தே ஆகணுமாம். அப்பாவுக்குச் சரியா தெரிஞ்சா, டெஸ்ட்லதான் தப்புன்னு எழுதிப் போடலாம்."

காத்தாயிக்குத் திக்கென்றது.

வயலிலிருந்து வந்து, மகள் சொன்னதையெல்லாம் கேட்டபடியே வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார் கண்ணுசாமி. சிக்னல் படிக்க வாங்கிய அட்டைகளில் ஒன்றை அவர் முன்னால் நீட்டினாள் பூவிழி.

"அப்பா, இது என்ன கலர்? சொல்லுங்க."

குங்குமச் சிவப்பு. கண்ணுசாமி நெடுநேரம் பார்த்தார்.

"பச்சைதானேம்மா?"

பூவிழி அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் 'சிவப்பு' என்று எழுதியிருந்தது. அவள் முகம் வாடிப்போனது.

"போச்சு. உங்களாலதாம்ப்பா எல்லாம் போச்சு! இத்தனை வருஷமா ஏன் சொல்லவே இல்ல?"

"வயல்ல ஏதும்மா சிக்னல், நான் தெரிஞ்சுக்க? என்னை மன்னிச்சிடு தாயி."

அவள் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். அழுகைச் சத்தம் வெளியே கேட்டது.

காத்தாயி கொல்லைக்குப் போனாள். கண்ணுசாமி மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே நின்று பறித்துக்கொண்டிருந்தார். அவர் துண்டில் அத்தனையும் சிவந்த பழங்கள். ஒரு காய்கூட இல்லை.

"ஏங்க, மனசறிஞ்சு பொய் சொல்லிட்டீங்களே. புள்ள உங்களை வெறுத்துடுவாளே!"

கண்ணுசாமி துண்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சுனாமி அன்னிக்கு வேதாரண்யத்துக் கரையிலேருந்து நாம தூக்கிட்டு வந்த புள்ள. வெறுத்தாலும், பெத்த அப்பன்னு நெனச்சுத்தானே வெறுக்கிறா?"