இரண்டு மலையிலும் அரைப்பை

செவலி பையை மூக்கால் தள்ளிப் பார்த்தாள். இங்கேயும் கொள்ளு பாதிதான். பக்கத்தில் சுட்டியனின் பை நிறைந்திருந்தது. இருவரும் சுமைக்குதிரைகள், ஆளுக்கொரு குதிரை வரிசைக்கு முன்னால் மணி கட்டி நடப்பவர்கள். ஏறுவதும் ஒரே ஏற்றம்தான்.

"பழைய மலையிலயும் பாதிதான் அண்ணே. குட்டி போட்டவ ஒழுங்கா வேலைக்கு வரமாட்டான்னாங்க. இங்க குட்டிகளுக்குக் கொட்டகை இருக்குன்னு நம்பி வந்தேன்."

"கொட்டகைக்குப் புல்லு வானத்துலேர்ந்தா விழுது? உன் பையிலேர்ந்துதான் போகுது."

"உங்க குட்டியும் அங்கதானே படுத்திருக்கு?"

"ஆம்பளைக்கு ஏதும்மா குட்டி? நல்லாக் கேட்ட போ!" சுட்டியன் சிரித்துக்கொண்டே மென்றான்.

செவலியின் முன்னங்கால் நடுங்கியது. நேற்று ஏற்றத்தில் மடங்கிய கால். இன்னொரு முறை மடங்கினால் மணியைக் கழற்றிக்கொண்டு அவளைச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். இருந்ததைத் தின்று பையையும் நக்கினாள்.

கொட்டகையிலிருந்து ஓடிவந்த அவளுடைய பெண்குட்டி, கம்பத்தில் தொங்கிய அம்மாவின் மணியை மூக்கால் இடித்தது. மணி கிணுகிணுத்தது.

"அம்மா, நான் பெரிசானதும் இது எனக்குத்தானே?"

செவலி மெல்ல நகர்ந்து, ஆடிய மணி மேலும் ஒலிக்காதபடி அதன்மேல் தன் விலாவைச் சாய்த்து நின்றாள்.