முன்னால் நிற்க மறுத்தவர்

"நான் தொழ வைக்க மாட்டேன். வேற யாரையாவது முன்னால நிறுத்திக்கங்க."

அடக்கத்துக்கு முந்திய தொழுகையை நடத்த மறுத்து இமாம் இப்படி ஒரே போடாகப் போட்டதும் பள்ளிவாசல் செயலாளர் பதறிப்போய் வாசலைப் பார்த்தார். பெயின்ட் கடையைப் பூட்டிப் போட்டுவிட்டுக் காலையிலிருந்து நாயாய் அலைகிறவர் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்து, குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி முற்றத்தில் வைத்தாயிற்று. வாசலில் போலீஸ் வேன், அதற்குப் பின்னால் டிவிக்காரர்கள். சீக்கிரம் அடக்கிவிட்டுக் கலையுங்கள் என்று இன்ஸ்பெக்டர் வேறு சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார்.

கிடந்தவன் சாதாரணமாகச் செத்தவனா என்ன? பக்கத்துத் தெரு தர்காவுக்குள் புகுந்து நான்கு பேரை வெட்டிப் போட்டுவிட்டு, போலீஸ் குண்டுக்கு விழுந்தவன். தர்காவுக்குப் போகிறவன் முஸ்லிமே இல்லை என்று எவனோ செல்போனில் கக்கிய விஷத்தை அப்படியே நம்பிய முட்டாள்.

முற்றத்தில் ஆளுக்கொரு பேச்சு. தானும்தான் தர்கா பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை, அதற்காகக் கத்தியைத் தூக்கச் சொல்லி எங்கே இருக்கிறது என்று பொருமினார் தையல்காரர். தர்காவுக்குத் தவறாமல் போகிற லாரி டிரைவரோ, வெட்டுப்பட்டவர்களில் ஒருவர் தன் மச்சான் என்றாலும் தொழுகையை மறுக்க நாம் யார் என்று கேட்டார். பின்னால் நின்ற நாலைந்து இளவட்டங்கள் மட்டும் 'தியாகி' என்று முணுமுணுத்தார்கள். செயலாளருக்கு அவர்களை அறைய வேண்டும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் இந்த வெறியைக் கண்டித்துப் பேசியவர் இமாம். நமக்கெதற்கு வம்பு என்று அவர் வாயை அடைக்கப் பார்த்தவர்களில் செயலாளரும் ஒருவர். அப்போது எட்டிக்கூடப் பார்க்காத டிவிக்காரன், உங்கள் ஆட்களில் ஒருவராவது கண்டித்தீர்களா என்று இப்போது வாசலில் மைக்கை நீட்டுகிறான். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

செயலாளர் இமாமின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்த தாயை நினைச்சுப் பாருங்க ஹஜ்ரத். மயக்கம் தெளியாமக் கிடக்கிறாங்க."

"பாத்துட்டுத்தான் வர்றேன்."

"கல்நெஞ்சுக்காரன்னு ஊரு பேசும்."

"பேசட்டும். தொழ வேண்டாம்னு நான் சொல்லல. அவனுக்குத் தீர்ப்பு சொல்ல அல்லா இருக்கான். ஆனா இமாம் நான் முன்னால நின்னா, இவன் செஞ்சது சரின்னு நாளைக்கு இன்னொருத்தன் கத்தியோட கிளம்புவான்."

மனிதர் பிடி கொடுக்கவே இல்லை. வேறு வழியில்லாமல், பாங்கு சொல்லும் மோதினாரைக் கூப்பிட்டார் செயலாளர். மோதினார் தொழ வைப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால் தகப்பன் உயிரோடு இருக்கும்போது அந்த உரிமை அவருடையது, அவர் தன் வாயால் சரி என்று சொல்லாமல் தன்னால் முன்னால் நிற்க முடியாது என்றார்.

"கேட்டுடுங்க" என்றார் செயலாளர்.

மோதினார் வேறெங்கும் போகவில்லை. திரும்பி, இமாமின் எதிரே வந்து தலைகுனிந்து நின்றார்.

"ஹஜ்ரத்... உங்க மகனுக்கு நான் தொழ வைக்கட்டுமா?"